இப்போதைய அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் பலமான டிஃபென்ஸுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வாரா வாரம் 45-42, 52-38 என்று ஸ்கோர் வருகிறது, பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற நல்ல குவார்ட்டர்பேக் ஒருத்தன் கிடைத்தால் போதாதா, டிஃபென்ஸ் டிஃபென்ஸ் என்பதெல்லாம் பெருசுகளின் புலம்பல்தானே?

நீங்கள் சமீபத்தில்தான் எம்.எஸ். படிக்க வந்து இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம். அந்தப் பக்கத்து ரூம்மேட்டுகள்தான் இப்படிப் பேசுவார்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் படித்தது ஐயோவா சிட்டியில். ஊரில் என் அத்தை இன்றுவரை "ஐயோ, வான்னு யாரோ கூப்புடுற மாதிரியே இருக்கேடா, வேற நல்ல பேரா பாத்துப் போயிருக்கக் கூடாதா" என்பார். எங்கள் ஐயோவா யூனிவர்சிட்டி டீம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்தவனுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

சுருக்கமாகக் கேட்டால்: மதிப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நீட்டிக் கேட்பதாக இருந்தால் என் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2022 செப்டம்பர் 3. எனக்கு முதல் ஆட்டம். லேபில் கூட வேலை பார்த்தவனுக்கு ஏதோ கல்யாணம், அவன் டிக்கெட் என் கைக்கு வந்தது. கின்னிக் ஸ்டேடியம், காலை 11 மணி. எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட். ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடுகிற டீம், நம்ம ஆட்கள் உரித்துத் தொங்கவிடுவார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

முதல் குவார்ட்டர் முடிந்ததும் மொத்த ஸ்டேடியமும் எழுந்து ஒரே பக்கம் திரும்பிக் கையசைத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த தாத்தா, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஓவரால்ஸ் மாட்டியிருந்தவர், என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். எதிரே குழந்தைகள் மருத்துவமனை. அதன் மேல்தளக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னக் கைகள் பதிலுக்கு ஆடின. 2017இல் தொடங்கிய வழக்கம். அன்றைக்குப் பார்த்ததில் அழகான விஷயம் அது ஒன்றுதான்.

ஸ்கோர் என்ன தெரியுமா? ஐயோவா 7, சவுத் டகோட்டா ஸ்டேட் 3. ஏழு என்றதும் ஒரு டச்டவுன், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனது என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தது, அதற்கு 3. மிச்சம் நாலும் இரண்டு சேஃப்டியில் வந்தது. சேஃப்டி என்றால், பந்து வைத்திருப்பவனை அவன் வீட்டுக்குள்ளேயே, அதாவது அவனுடைய எண்டு ஸோனுக்குள்ளேயே மடக்கிப் போடுவது. அதற்கு 2 புள்ளி, பந்தும் நமக்கே திரும்பி வரும். எங்கள் அஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறப் பார்க்கிற பதினோரு பேர், மொத்த ஆட்டத்திலும் நகர்ந்தது 166 யார்டு. எதிரணி 120. டோரி டெய்லர் என்று ஒரு ஆஸ்திரேலியப் பையன், பண்ட் உதைப்பவன், அவன் உதைத்த பந்து எதிரணியின் கோல் கோட்டுக்கிட்டே போய் விழுந்து நிற்கும்போதெல்லாம் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பண்ட் என்றால் "எங்களால் முடியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பந்தைக் கொடுத்துவிடுவது. அதற்குக் கைதட்டுகிற ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தாத்தா மட்டும் அமைதியாக, "இதுதான் ஃபுட்பால், தம்பி" என்கிற தோரணையில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏழுக்கு மூணா? பத்து கோலு. அப்ப ரெண்டு பேருமே வெளுத்து வாங்கியிருக்கானுங்க" என்றார். விளக்க முயன்றேன். விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆட்டம் முடிந்து நடந்து வந்தால் அபார்ட்மெண்டில் என் காரைக் காணோம். மாத வாடகையோடு பார்க்கிங்குக்கும் காசு கட்டுகிறேன், ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். ஆட்ட நாளன்று இரண்டாவது வரிசையில் நிறுத்தக்கூடாதாம், லீஸில் பதினோராவது பக்கத்தில் இருக்கிறதாம். என் இடத்தில் இன்னொருத்தன் 40 டாலர் கொடுத்து ஜம்மென்று நிறுத்தியிருந்தான். டோ பண்ணிய இடத்துக்குப் போய் 215 டாலர் கட்டி எடுத்தேன். ஸ்டைபெண்டில் வாழ்கிறவனுக்கு 215 டாலர் என்றால் என்னவென்று மேனேஜ்மெண்டில் உட்கார்ந்திருந்த அம்மணிக்குத் தெரியாது. "கோ ஹாக்ஸ்" என்று எங்கள் டீமின் கோஷத்தைச் சொல்லித்தான் ரசீது கொடுத்தார். நீங்களும் லீஸைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சரி, விடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை ஏம்ஸில் இருந்து இதே மாநிலத்து இன்னொரு யூனிவர்சிட்டியான ஐயோவா ஸ்டேட் வந்தது. பங்காளிச் சண்டை. என் காலேஜ் சீனியர் அண்ணன் ஒருவர் அங்கே படித்துக்கொண்டிருந்தார், கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கட்டத்தில் அவர்கள் தங்களுடைய 1 யார்டு கோட்டில் முடங்கிக் கிடந்தார்கள். அங்கிருந்து 21 முயற்சி, 99 யார்டு. நாலும் அஞ்சுமாக நகர்ந்து வந்து டச்டவுன் போட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட 12 நிமிடம், ஆட்டக் கடிகாரத்தில். 10-7 என்று தோற்றோம். "தம்பி, உங்க டிஃபென்ஸ் நல்ல டிஃபென்ஸுதான். ஆனா பாவம், மூச்சு வாங்க விட மாட்டேங்கிறானுங்களேடா உங்க அஃபென்ஸுக்காரனுங்க" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அஃபென்ஸ் மூன்று முயற்சி ஆடிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டால், அதே பதினோரு பேர் எத்தனை தடவைதான் எழுந்து ஓடுவார்கள்?

அதனால் டிஃபென்ஸ் மட்டும் போதும் என்று நான் சொல்லவே வரவில்லை. கீழே கமெண்டில் வந்து "அப்ப ஐயோவா ஏன் சாம்பியன் ஆகல" என்று கேட்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். 2023இல் நிலைமை இன்னும் மோசம். அஃபென்ஸைப் பார்த்துக்கொண்டவர் தலைமைக் கோச்சின் மகன். வாரிசுப் பிரச்சினை நமக்குப் புதுசா என்ன. ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுத்தாக வேண்டும் என்று அவர் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். டிஃபென்ஸ்காரன் பந்தைப் பிடுங்கி ஓடிப் போடுகிற டச்டவுனும் அந்தக் கணக்கில் சேரும். அப்படியும் சராசரி 15.4. அதை வைத்துக்கொண்டு 10 ஆட்டம் ஜெயித்தார்கள் என்றால் டிஃபென்ஸ் கோச் ஃபில் பார்க்கர் கட்டிய டிஃபென்ஸுக்குக் கோவில் கட்டலாம். ஆனால் கடைசி இரண்டு ஆட்டம்? மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. அதற்குமேல் நான் என்ன பேசுவது.

இப்போது மறுபக்கம் வாருங்கள். உங்கள் ரூம்மேட் நிச்சயம் 2016 ஓக்லஹோமா - டெக்சாஸ் டெக் ஆட்டத்தைச் சொல்லியிருப்பான். 66-59. டெக்சாஸ் டெக்கின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் 734 யார்டு பாஸ் போட்டார். போட்டும் தோற்றார். அந்த வருஷம் டெக்சாஸ் டெக் 5 ஜெயித்து 7 தோற்றது. ஓக்லஹோமாவையே எடுங்கள். 2017, 2018, 2019, மூன்று வருஷமும் சாம்பியனை முடிவு செய்கிற பிளேஆஃபுக்குப் போனார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுக்கு ஹைஸ்மன், அதாவது வருஷத்தின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் விருது, அடுத்த வருஷம் கைலர் மர்ரேவுக்கு அதே விருது. அரையிறுதியில் விட்டுக்கொடுத்த புள்ளி மட்டும் 54, 45, 63. மூன்றிலும் வீட்டுக்கு வந்தார்கள்.

எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) 2019 என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். ஒத்துக்கொள்கிறேன். ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் போட்ட வருஷம், அந்த அஃபென்ஸுக்கு எதிரே எதை நிறுத்தியிருந்தாலும் தூக்கிப் போட்டிருக்கும். ஆனால் அதே டீம் தன் லீகான எஸ்.இ.சி.யின் ஃபைனலில் ஜார்ஜியாவை 10 புள்ளியில் நிறுத்தியதை யாரும் சொல்வதில்லை.

சாம்பியன்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். ஜார்ஜியா 2021இல் வழக்கமான சீசனின் 12 ஆட்டத்தில் மொத்தமே 83 புள்ளிதான் கொடுத்தது. ஒரு தடவை அலபாமாவிடம் 41 வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், உண்மை. ஐந்து வாரத்தில் அதே அலபாமாவை ஃபைனலில் 18இல் நிறுத்தினார்கள். ஸ்கோரைப் பூட்டியது கீலி ரிங்கோவின் இன்டர்செப்ஷன், எதிரணியின் பாஸைப் பிடுங்கி 79 யார்டு ஓடி வந்து போட்டது. தொழில்முறை டீம்கள் காலேஜ் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றிலேயே அந்த டிஃபென்ஸில் இருந்து ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2023 மிச்சிகன், பென் ஸ்டேட்டுக்குப் போய் இரண்டாம் பாதி முழுக்கக் கணக்கில் ஒரு பாஸ்கூட இல்லாமல் ஓடியே ஜெயித்தது. தன் டிஃபென்ஸ் மேல் அவ்வளவு நம்பிக்கை. 2024 ஒஹாயோ ஸ்டேட் நாட்டிலேயே குறைவாகப் புள்ளி கொடுத்த டீம், ஆட்டத்துக்கு 12.9. மூன்று பேரிடமும் நல்ல அஃபென்ஸ் இருந்தது, மறைக்கவில்லை.

மாறியது எது என்றால், "பலமான டிஃபென்ஸ்" என்பதன் அளவுகோல். 2011இல் எல்.எஸ்.யூ.வும் அலபாமாவும் 9-6 ஆடிய காலத்து அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு எல்லாமே ஓட்டைதான். ஏம்ஸ் அண்ணன் ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தட்டில் காட்டினார். மூன்று இட்லி முன்னால், மூன்று வடை பின்னால். இட்லி முன்வரிசையில் முட்டுகிற லைன்மேன், வடை சேஃப்டி, இங்கே அது கடைசியில் நின்று காக்கிற ஆளின் பெயர். ஐயோவா ஸ்டேட்டின் அன்றைய டிஃபென்ஸ் கோச் ஜான் ஹீகாக் 2017 வாக்கில் கொண்டுவந்தது இது. "நீளமா போடுற பாஸை மட்டும் தடுத்துடு. சின்னச் சின்னதா வந்தா வரட்டும், பத்து தடவ வந்தா ஒரு தடவ தப்பு பண்ணுவான்" என்றார் அண்ணன். அந்த வருஷம்தான் மேஃபீல்டின் ஓக்லஹோமாவை அதன் ஊரிலேயே 38-31 என்று ஜெயித்தார்கள். பாருங்கள், 31 புள்ளி கொடுத்த டிஃபென்ஸைத்தான் நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு டீமுக்கு ஆட்டத்தில் சுமார் 12 தடவை பந்து வரும். நல்ல அஃபென்ஸ் அதில் பாதித் தடவை புள்ளி எடுத்துவிடும். இரண்டு தடவை கூடுதலாக நிறுத்தினால் 14 புள்ளி மிச்சம். டச்டவுனை ஃபீல்டு கோலாகக் குறைத்தாலே நாலு புள்ளி லாபம். 2023இல் இன்னொன்றும் செய்தார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும், அதாவது 10 யார்டு கடந்து புதிதாக நாலு முயற்சி கிடைக்கும்போதெல்லாம், கடிகாரம் நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் நிற்கும். பந்து வருகிற தடவை குறைந்தால் ஒவ்வொரு தடுப்புக்கும் விலை ஏறும்தானே. நான் கோச் இல்லை, புள்ளியியலில் பிஎச்டியும் இல்லை. மண்ணியல் படித்தவன். கடைக்கணக்கு மாதிரி போட்டுப் பார்த்ததுதான்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். ஸ்கூலில் நான் கபடி டீமில் கார்னர். பிடிக்கிறவன். பாடிப் போகிறவனுக்குத்தான் விசில், மாலை எல்லாம். பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட அரையிறுதியில் கடைசியாகப் பாடி வந்த எதிரணியின் பெரிய ஆளைக் கணுக்காலில் பூட்டி உட்கார வைத்தேன். அதில்தான் ஜெயித்தோம். மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது. எங்கள் பள்ளியில் இருந்து பாடிப் போன மூன்று பேர் பெயர், பி.டி. சார் பெயர், தலைமையாசிரியர் பெயர். அப்பா ரெண்டு பிரதி வாங்கி வந்திருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 10. ஒஹாயோ ஸ்டேட் - டெக்சாஸ் அரையிறுதி. நான் இப்போது டெ மொயினில் இருக்கிறேன், வீட்டில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒஹாயோ ஸ்டேட் 21-14 என்று முன்னால். டெக்சாஸ் எதிரணியின் 1 யார்டு கோட்டில், கையில் நாலு முயற்சி. முதல் முயற்சி நகரவில்லை. இரண்டாவதில் பந்தைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டு ஓடப் பார்த்து 7 யார்டு பின்னால் போனார்கள். மூன்றாவதில் போட்ட பாஸ் போய்ச் சேரவில்லை. நாலாவதில் ஓரத்தில் இருந்து ஜாக் சாயர் வந்து குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸின் கையில் இருந்த பந்தைத் தட்டிவிட்டு, தானே அள்ளிக்கொண்டு 83 யார்டு ஓடினார். முன்பு இருவரும் ஒரே ரூமில் இருந்தவர்கள். நான் சோபாவில் இருந்து எழுந்ததுகூட ஞாபகம் இல்லை, காபி கார்பெட்டில்.

அதே நேரம் பொங்கலுக்கு நான் அனுப்பிய பணம் வந்துவிட்டது என்று சொல்ல அப்பா கூப்பிட்டார். அங்கே சனிக்கிழமை காலை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"பாடிப் போறவனாடா அவன்?"

"இல்லப்பா. பிடிக்கிறவன். ஓரத்துல நிக்கிறவன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அவன் பேரப் பேப்பர்ல போடுவாங்களா?" என்றார்.