கூலண்ட் சென்சாரை வீட்டிலேயே மாற்றலாமா?

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக், நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். போனது சென்சார்தானா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். விலை குறைவு என்று பெட்ரோலையும் அங்கேயே போட்டுக்கொண்டு வருவேன். போன வருடம் மைலேஜ் 17-லிருந்து 12-க்கு இறங்கியது. "பாண்டி பெட்ரோல்ல ஏதோ கலக்குறான் தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நம்பி ஒரு மாதம் கடலூரிலேயே போட்டேன். செலவு ஏறியதுதான் மிச்சம். அப்புறம் ஒரு நாள் விளக்கு எரிந்தது. வண்டி சூடாவதற்கு முன்பே ரேடியேட்டர் ஃபேனும் ஓட ஆரம்பித்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் ஸ்கேனரைச் செருகினேன். வந்த கோளாறுக் குறியீடு (கோடு) பி0118. கூலண்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி. கத்திரி வெயிலில், கடலூரில்!

இந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஜாதி. கெடக் கெட மின்தடை ஏறி, 'குளிர், குளிர்' என்றே சொல்லியிருக்கிறது. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவும் அதை நம்பி பெட்ரோலைக் கூட்டி ஊற்றியிருக்கிறது. இணைப்பே அறுந்த மாதிரி ஆனதும்தான் சந்தேகம் வந்து விளக்கைப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிட்டது.

ஆனால் பி0118 என்றால் அந்தச் சுற்றில் கோளாறு என்றுதான் பொருள். ஒயர், கனெக்டர் எதுவாகவும் இருக்கலாம். நம் ஊர் உப்புக்காற்றில் கனெக்டர் பின்னில் களிம்பு பிடிப்பது சாதாரணம். கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் சிறு ஒயரால் இணைத்து சாவியை ஆன் செய்தேன். திரையில் மைனஸ் 40 சட்டென்று 130-ஐத் தாண்டியது. அப்படியென்றால் ஒயரும் ஈசியூவும் சரி, சென்சார்தான் காலி. (இரண்டு ஒயர் உள்ள கூலண்ட் சென்சாரில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூன்று ஒயர் சென்சாரில் கை வைக்க வேண்டாம்.)

புதுசு 600 ரூபாய். மாட்டுவதற்கு முன் கொட்டாங்கச்சியில் வெந்நீர் ஊற்றி, நுனியை முக்கி மல்டிமீட்டரில் பார்த்தேன். வெளியே 1.5 கிலோ ஓம், வெந்நீரில் 350 ஓம். டூப்ளிகேட் இல்லை என்று நிம்மதி.

மாற்றுவது கால் மணி நேர வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதனால் விடியற்காலையில் செய்தேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, 19 எம்எம் ஸ்பேனரால் பழசைத் திருகி எடுத்ததும் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டேன். அரை டம்ளர் கூலண்ட் போனது. அதை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. புது வாஷரோடு கையாலேயே மரை பிடித்து, கடைசியில்தான் ஸ்பேனர். அலுமினிய மரை, முரட்டுத்தனம் ஆகாது. குறைந்த கூலண்டை ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வண்டியை ஓடவிட்டுக் குமிழி நின்றதும் மூடினேன். பிறகு ஸ்கேனரில் கோடை அழித்தேன்.

ராத்திரி வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் ஒரே ஒரு பச்சைச் சொட்டு. சென்சாரை இன்னும் கால் சுற்று இறுக்கினேன், மறுநாள் தாள் சுத்தமாக இருந்தது. பெட்ரோல் மறுபடியும் பாண்டியில்தான். பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் நம்பவில்லை.