ஊட்டியில் வசிக்கிறேன். புதிதாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்ட என்னென்ன பாகங்கள் வாங்கலாம்? குளிர் ஊர் என்பதால் கூலருக்கான செலவைக் குறைக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் அங்கே மிச்சமாகும் பணத்தை அப்படியே பவர் சப்ளைக்கும் (பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெட்டி) யுபிஎஸ்ஸுக்கும் திருப்பிவிடுங்கள். யூடியூபில் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் போடுகிற பட்டியல்கள் எல்லாம் வெயிலை நினைத்துப் போட்டவை. நமக்குத் தொல்லை தருபவை வேறு: கரண்ட், ஈரம், அப்புறம் சர்வீஸ் சென்டர் மலைக்குக் கீழே இருப்பது. நான் கோத்தகிரிக்காரன். நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்துவருகிறேன். மலையில் எது முதலில் பழுதாகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த கருத்துகள் இவை.

"மலையில் காற்று லேசு, ஃபேன் சரியாக வேலை செய்யாது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் பாதி உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரை ஊர்களில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஃபேன் தள்ளும் காற்றின் அளவு மாறாது, ஆனால் அதன் எடை குறைவு, அதனால் அது சுமந்து போகும் சூடும் குறைவு. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சென்னையில் 34 டிகிரி அறையில் ஒரு பிராசசர் 75 டிகிரியில் ஓடுகிறது என்று வையுங்கள். அறைச் சூட்டுக்கு மேல் 41 டிகிரி. லேசான காற்றால் அந்த 41 ஊட்டியில் 50 ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும், அறை 17 டிகிரி என்றால் மொத்தம் 67தான். காற்றால் வரும் நஷ்டத்தைக் குளிர் ஈடுகட்டிவிட்டு மேலேயும் கொடுக்கிறது. அதனால் லிக்விட் கூலர் பக்கமே போகாதீர்கள். அதில் பம்ப் இருக்கிறது. அது என்றாவது நின்றால் மாற்றுக்குக் கோவைக்குத்தான் ஓட வேண்டும். பிராசசர் பெட்டியோடு வரும் கூலரே நம் ஊருக்குப் போதும்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மானிட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். 1080பி மானிட்டரை வைத்துக்கொண்டு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது வீண். அதைவிடக் கூர்மையான 1440பி மானிட்டரை வாங்கிவிட்டுக் கார்டில் கஞ்சத்தனம் செய்தால் விளையாடுகிறவருக்கு வருத்தம்தான் மிஞ்சும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை கார்டுக்கு ஒதுக்குங்கள். நடுத்தர பட்ஜெட் என்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அல்லது என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, இரண்டில் ஒன்றைச் சொல்வேன். இரண்டும் 2025இல் வந்தவை. முன்னது சுமார் 160 வாட், பின்னது 180 வாட். யுபிஎஸ்ஸில் ஓட்டப்போகிற நமக்கு இந்த எண்கள் முக்கியம். இரண்டு கார்டுகளும் ஒரே பெயரில் 8 ஜிபி மெமரி, 16 ஜிபி மெமரி என்று இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. கடையில் விலை குறைவாகச் சொன்னால் உடனே பெட்டியின் மேல் எத்தனை ஜிபி என்று பாருங்கள். 16 ஜிபியே வாங்குங்கள். புதிய கேம்களில் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்பு நுணுக்கத்தை) மேலே ஏற்றினால் 8 ஜிபி நிரம்பிவிடும், படம் திக்கித் திக்கி ஓடும். கார்டை அடிக்கடி மாற்றும் வசதி நமக்கு இல்லை. நாலைந்து வருடம் தாங்குவதாகப் பார்ப்பதுதான் சரி.

பிராசசருக்கு நீண்ட யோசனை வேண்டாம். ரைசன் 5 7600 எடுங்கள். ஆறு கோர், 65 வாட், கூலர் பெட்டியிலேயே இருக்கும். அதன் அண்ணன் 7600 எக்ஸ் வாங்கினால் கூலர் தனியாக வாங்க வேண்டும், கிடைக்கும் வேக வித்தியாசமோ கொஞ்சம்தான். 7600க்குள் சிறியதொரு கிராஃபிக்ஸும் இருக்கிறது. அது கேமுக்கு உதவாது. ஆனால் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போய் இரண்டு மூன்று வாரம் வராமல் கிடந்தாலும் உங்கள் படிப்பும் வேலையும் நிற்காது. இதே வரிசையில் 7500 எஃப் மலிவாகக் கிடைக்கும், அதில் இந்த வசதி இல்லை. சமவெளியில் இருப்பவருக்கு நானே அதைச் சிபாரிசு செய்வேன், மலையில் இருப்பவருக்கு மாட்டேன். பழைய மார்க்கெட்டில் இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அவற்றில் வோல்டேஜ் அதிகமாகி பிராசசர் நாளடைவில் தளர்ந்துபோகும் கோளாறை 2024இல் இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. முன்னால் வைத்திருந்தவர் அந்தத் திருத்தத்தை ஏற்றினாரா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

மதர்போர்டு பி650 வகையில் ஏதாவது ஒன்று, வைஃபையோடு. அதில் பிராசசரைச் செருகும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அதனால் போர்டை மாற்றாமல் பிறகு பிராசசரை மட்டும் மாற்றலாம். ரேம் டிடிஆர்5, 6000 வேகம், ஜோடியாக இரண்டு 16 ஜிபி. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்குப் போன தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. கை கடித்தால் இரண்டு 8 ஜிபியில் ஆரம்பியுங்கள், ஆனால் ஒற்றை ரேம் போட்டு ஓட்ட வேண்டாம். கட்டி முடித்ததும் பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங் திரை) போய் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் 6000க்குக் காசு கொடுத்துவிட்டு 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் மாட்டலாம். அதன் ஹெட் காற்றுப் படலத்தின் மேல் மிதப்பதால் உயர வரம்பு உண்டு. ஆனால் அது பொதுவாக 3,000 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா உச்சியில் வைத்து ஓட்டினாலும் பிரச்சினை இல்லை.

இப்போது கரண்ட். இங்கேதான் உங்கள் பணத்தைக் கேட்கிறேன். ஆடிக் காற்றிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் மரம் விழுந்து லைன் போவது நமக்குப் புதிதில்லை. போவதைவிடத் திரும்பி வரும்போதுதான் சேதம் அதிகம். வந்து, போய், மறுபடி வந்து என்று இரண்டு மூன்று தடவை உதறிவிட்டுத்தான் கரண்ட் நிலைக்கும். நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் இன்னும் மோசம், 230 வோல்ட் இருக்க வேண்டிய பிளக்கில் 400 வரை ஏறிவிடலாம். அதற்குப் பவர் சப்ளை எதுவும் தாங்காது. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபிரிட்ஜையும் டிவியையும் சேர்த்தே அது காப்பாற்றும்.

பவர் சப்ளையில் 650 வாட் இந்த மிஷினுக்குத் தாராளம். 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்கிற முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் அந்த முத்திரை சொல்லும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நல்லதா, ஷார்ட் ஆனால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளுமா என்பதையெல்லாம் சொல்லாது. நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, வாரண்டி ஏழு அல்லது பத்து வருடமா என்பது. கம்பெனி தன் சரக்கை எவ்வளவு நம்புகிறது என்பது அதில் தெரியும். இன்னொன்று, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, 200-240 என்றா. லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் ஊரே கீசரையும் ஹீட்டரையும் போடும்போது வோல்டேஜ் 180க்கு இறங்கும். 100-240 போட்ட பவர் சப்ளை அதைச் சட்டை செய்யாது. தனி ஸ்டெபிலைசரும் வேண்டியதில்லை.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ என்கிற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். மேலே சொன்ன மிஷின் கேம் ஓடும்போது 300இலிருந்து 350 வாட் வரை இழுக்கும், மானிட்டருக்கு இன்னொரு 30. கரண்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அதனால் 1000 விஏ, 600 வாட், லைன் இன்டராக்டிவ் வகை. முடிந்தால் பியூர் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் போலவே வழவழப்பான அலை தருவது. நல்ல பவர் சப்ளைகளில் கரண்டைச் சீராக இழுப்பதற்காக இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட்டுக்கும் மலிவான யுபிஎஸ் தரும் படிக்கட்டு அலைக்கும் சில சமயம் ஒத்துவராது. வீட்டில் ஏற்கெனவே சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட்டால் தனி யுபிஎஸ்ஸுக்கான பணம் மிச்சம். சாதாரண மோடில் மாறுவதற்குள் மிஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் ஆகப் பெரிய கவலை. பழைய எஸ்டேட் வீடுகளிலும் தொழிலாளர் லைன் வீடுகளிலும் மூன்றாவது ஓட்டை பெயருக்கு இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் இல்லையென்றால் கேஸின் (கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி) இரும்பில் பாதி வோல்டேஜ் மிதக்கும், தொட்டால் சுருக்கென்று இழுக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஊரில் அது விளையாட்டில்லை. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குமேல் போகக் கூடாது. சரியாக இல்லையென்றால் கார்டை ஒரு மாதம் தள்ளிப்போட்டாவது முதலில் எர்த் அடியுங்கள். ரூம் ஹீட்டரையும் மிஷினையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் மட்டுமே 9 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும். சித்திரை வைகாசி இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் செம்புக் கம்பியில் வருகிறதென்றால் அந்த ஒயரையும் சேர்த்து.

ஈரத்தைக் கண்டு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். 12 டிகிரி மூடுபனிக் காற்று, ஈரம் 100 சதவீதம் என்று வையுங்கள். அது 18 டிகிரி அறைக்குள் வந்து சூடேறும்போது ஈரப்பதம் 70க்குக் கீழே இறங்கிவிடும். ஓடுகிற மிஷினுக்குள் 30 டிகிரி ஆகும்போது 35 சதவீதத்துக்கும் கீழே. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. கெட்டுப்போவது மழைக்காலம் முழுக்க அணைத்துப் போட்ட மிஷின்தான். பரீட்சை என்று விளையாட்டை நிறுத்தினாலும் தினம் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஓதம் ஏறிய வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல் ஒரு ஸ்டூலில், உட்சுவர் பக்கமாக வையுங்கள். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்வார்கள், ஃபேன் ஓடும் பெட்டியில் அதற்கு வேலையே இல்லை. பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகளில் பூஞ்சை பிடிக்காமல் பாலிதீன் உறை போட்டுப் பரணில் வையுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும்.

வாங்கும் இடம் என் கணக்கில் கோவைதான், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரை. ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகத் தெரியலாம். ஆனால் கார்டும் மதர்போர்டும் பவர் சப்ளையும் ஜிஎஸ்டி பில்லோடு, சீரியல் நம்பர் எழுதி வாங்கி, பழுதானால் நேரில் கொண்டுபோய் மேஜை மேல் வைக்கக்கூடிய கடையில் வாங்குங்கள். கேஸ், ஃபேன், கீபோர்டு போன்றவற்றை எங்கே வாங்கினாலும் சரி. சொந்த டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டியில் போய் வந்தால், வெளியூர் வண்டிகள் மலைக்கு வர வாங்கும் இ-பாஸ் தொல்லை கிடையாது. கோவை டாக்ஸியில் ஏற்றி வருவதானால் முதலில் இ-பாஸைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடையிலேயே கட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏற்றுங்கள். ஓட்டிப் பார்த்த பிறகு கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும்போது கார்டின் எடை முழுவதும் அந்த ஒற்றை ஸ்லாட்டில்தான் தொங்கும். கேஸை மதர்போர்டு கீழே படுத்திருக்கும்படி பின் சீட்டில் கிடத்தி பெல்ட் போடுங்கள். பின்னாளில் சர்வீஸுக்குக் கீழே கொண்டுபோகும்போதும் இதே முறைதான், ஆனால் ஒன்று கூடுதல். விடிகாலைக் குளிரில் ஏற்றிய மிஷினை மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் திறந்தால் இரும்பிலும் போர்டிலும் வியர்த்துவிடும். கவரைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, அது ஊர்ச் சூட்டுக்கு வந்தபிறகு பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.