எண்பதாயிரம் கட்டுவதற்கு முன்னால், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூவில் 61 சதவீதம் எடுத்திருக்கிறான். இன்ஜினீயரிங் சேர்க்க வீட்டில் வசதியில்லை, அவனுக்கும் அதில் பெரிய ஆசையில்லை. மெஷின் வேலை என்றால் கண் விரிகிறது. கோவையில் ஒரு தனியார் பயிற்சி மையம் ஆறு மாதம் சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) சொல்லிக்கொடுத்து "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" தருவதாகச் சொல்லி 80,000 ரூபாய் கேட்கிறது. கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்காதீர்கள். ஏன் வேண்டாம் என்பதையும், வேறு எங்கே போகலாம் என்பதையும் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"வேலை கொடுக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை சார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதே புலம்பலை மறுபக்கத்திலிருந்து போன மாதம் கேட்டேன். கோவையில் கணபதி என்ற பகுதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை. மொத்தம் பதினான்கு மெஷின். அதில் மூன்றின் மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் போர்த்தி வைத்திருந்தார்கள். "ஆர்டர் இருக்குங்க, மெட்டீரியல் இருக்கு, கரண்ட் இருக்கு. ஓட்டறதுக்கு ஆள் இல்லை. பசங்க எல்லாம் எங்கேதான் போறாங்க?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். உங்கள் வீட்டிலிருந்து அந்தப் பட்டறைக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

அப்படியானால் தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு அவரே பழக்கலாமே என்று தோன்றும். அவர் நிலைமையையும் பாருங்கள். ஒரு பையன் தனியாக மெஷினை செட் பண்ணி ஓட்ட எட்டு மாதம், ஒரு வருடம் ஆகும். அதுவரை சம்பளமும் தர வேண்டும், அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் நிற்கவும் வேண்டும். புரோகிராமில் ஒரு புள்ளி தவறினால் வெட்டும் டூல் நேராகப் போய், வேலைத்துண்டைப் பிடித்திருக்கும் சக்கில் இடிக்கும். அந்த ஒரு இடி லட்ச ரூபாய்ச் செலவில் முடியலாம். இத்தனையும் தாங்கிப் பழக்கிய பையன், அடுத்த தெருவில் இரண்டாயிரம் அதிகம் என்றதும் போய்விடுவான். பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று பயிற்சிக்கூடமே வைத்துக்கொள்ளும். இருபது பேரை வைத்து நடத்தும் பட்டறைக்கு அது முடியாத காரியம்.

கோவைக்கு இது புதிய பிரச்சினையும் இல்லை. 1937-இல் மின் மோட்டார் செய்துகாட்டிய ஜி.டி. நாயுடு, 1945-இல் பாலிடெக்னிக் தொடங்க முன்நின்றதற்கும் இதுதான் காரணம். தொழில் வளர வேண்டுமென்றால் கை பழகிய ஆட்கள் வேண்டும், அவர்களை யாராவது உருவாக்க வேண்டும். அன்று தனிமனிதர் ஒருவர் செய்ததன் பெரும்பகுதியை இன்று அரசு அமைப்புகள் செய்கின்றன. பயிற்சிச் செலவில் ஒரு பங்கைத் தாங்கி, முதலாளியையும் பையனையும் சந்திக்க வைப்பது அவற்றின் வேலை. நம் மக்கள் அந்தக் கதவுகளைத் தட்டுவதில்லை என்பதுதான் இத்தனை வருடமாக என் மனக்குறை.

முதல் கதவு, நீங்கள் "எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்" என்று சொல்லும் இடம். அதன் முழுப்பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, அரசு வேலைக்கு அழைப்பு வரும் என்று காத்திருக்கும் இடம் அது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவைச் செய்துவையுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் தங்களிடமுள்ள காலியிடங்களை இந்த மையத்திடம் சொல்கின்றன. மையம் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்தி ஆட்களை வரவழைக்கிறது. பல மாவட்டங்களில் இது வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். தனியார் வேலைக்கென்று மாநில அரசு தனியாக ஓர் இணையதளமும் நடத்துகிறது. நிறுவனம், வேலை தேடுபவர் இருவருமே அதில் கட்டணமில்லாமல் பதியலாம். வேலைவாய்ப்பு அட்டைக்கான பதிவு வேறு, இது வேறு. இரண்டையும் செய்ய வேண்டும்.

அப்படி ஒரு முகாமில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு கம்பெனி சூப்பர்வைசர் மேசைமேல் ஒரு ஷாஃப்ட் துண்டையும் (உருளையான இரும்புத் தண்டு) அதை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரையும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடம் சான்றிதழைக் கேட்பதற்கு முன்னால், "தம்பி, இதோட விட்டம் என்ன, அளந்து சொல்லு" என்றார். பிரதான அளவுகோலில் 24 தாண்டி நிற்கிறது, வெர்னியரில் பதினேழாவது கோடு நேராகச் சேர்கிறது, ஒரு கோட்டுக்கு 0.02 என்றால் 24.34 மில்லிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். பளபளவென்று ஃபைல் கொண்டுவந்த ஒரு பையன் "இருபத்துநாலு" என்று சொல்லிவிட்டுப் பதில் சரியா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவன் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) டர்னர், அதாவது லேத் வேலை, முடித்தவன். அளப்பதற்கு முன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஷாஃப்டைத் துடைத்தான். காலிப்பரின் தாடையை மூடி, பூஜ்யத்துக்குப் பூஜ்யம் சேருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சூப்பர்வைசர் அப்போதே பேனாவை எடுத்துவிட்டார். பையன் அளவைச் சொன்னது அதற்கப்புறம்தான்.

அந்தத் துடைக்கும் பழக்கத்துக்குத்தான் அம்மா சம்பளம். அது எண்பதாயிரம் கட்டினால் வந்துவிடுவதில்லை. தினமும் மெஷின் முன்னால் நின்று, வாத்தியாரிடம் திட்டு வாங்கி, மெல்ல மெல்லக் கையில் ஏறுவது.

அதனால் உங்கள் மகனுக்கு நான் சொல்லும் வழி அரசு ஐ.டி.ஐ. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரு வருடம். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஐ.டி.ஐ. மாணவர்களும் அதில் சேர்த்தி. உங்கள் மகன் முழுக்க அரசுப் பள்ளியில்தான் படித்தானா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஐ.டி.ஐ.யில் பழைய லேத்துதானே இருக்கும்" என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்த காலத்தில் அப்படி இருந்திருக்கலாம். மாநில அரசும் டாடா டெக்னாலஜிஸும் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் தொழில் 4.0 மையங்களை, அதாவது கம்ப்யூட்டரும் ரோபாட்டும் கலந்த நவீனத் தொழிற்சாலை வேலைக்கான பயிற்சிக்கூடங்களை, அமைத்திருக்கின்றன. ரோபாட், அட்வான்ஸ்டு சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. இது தொழில் நடத்துகிறவர்களுக்காகவும் செய்ததுதான். புது மெஷின் வாங்கிப்போட்டுவிட்டு ஆள் இல்லாமல் நிற்கக்கூடாதல்லவா? சேர்வதற்கு முன் எந்த ஐ.டி.ஐ.யில் என்ன பிரிவு என்று நேரில் போய்ப் பாருங்கள். மெஷின் மேல் தூசி இருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நல்லது, மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்ரென்டிஸ், அதாவது கம்பெனியிலேயே உதவித்தொகையோடு வேலை பழகும் பழகுநர் பயிற்சி. பலர் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். சின்னப் பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம். 2019-இல் திருத்திய விதிகள், படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை என்று வகுத்தன. மத்திய அரசின் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அந்தத் தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. 2023 முதல் அந்தப் பங்கு பையனின் வங்கிக் கணக்கிலேயே நேராக விழுகிறது. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இதை இப்போதே முடித்துவையுங்கள்.

கணபதி முதலாளியின் பயத்துக்கு இதில் பதில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் பையனை அருகில் வைத்துப் பார்க்கிறார். செலவில் ஒரு பங்கை அரசு தாங்குகிறது. பிடித்திருந்தால் வேலை தருகிறார். தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தேர்வு எழுதி தேசிய பழகுநர் சான்றிதழ் வாங்கிவிட்டால், அந்த ஒரு வருடம் வேறு எந்தக் கம்பெனியிலும் அனுபவமாகச் செல்லும். சில இடங்களில் பழகுநரைக் குறைந்த கூலிக்கு ஆளாக வைத்து, ஒரே வேலையை வருடம் முழுக்கச் செய்ய வைக்கிறார்கள். அப்படி நடந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் முறையிடலாம். பழகுநர் ஒப்பந்தம் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதமே உங்கள் மகன் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அவன் பழகுநரே இல்லை.

இரண்டு வருடம் காத்திருக்க வீட்டு நிலைமை விடாது என்றால் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் தொழில் நிறுவனங்கள், பயிற்சி நிறுவனங்கள் மூலம் இலவசமாக நடத்துபவை அவை. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இந்தக் கழகத்தின் வழியாகத்தான் நடக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் இருக்கிறது, தங்குமிடம் சாப்பாட்டோடு. இங்கெல்லாம் மையத்தில் கேட்க வேண்டியவை சிலதான். போன பேட்ச் பையன்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், இரண்டு பேரோடு பேச முடியுமா? சம்பளச் சீட்டு தருவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? தேர்வு வைப்பது பயிற்சி மையமா, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரா? உங்களிடம் 80,000 கேட்டவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். "உத்தரவாதம்" என்ற சொல்லை அவர்கள் எழுத்தில் தருகிறார்களா என்றும் கேளுங்கள். இதுவரை எழுதித் தந்த மையத்தை நான் பார்த்ததில்லை.

கடிதத்தின் கடைசியில், பெரியவள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவளையும் மறந்துவிடாதீர்கள். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தனியாக அப்ரென்டிஸ் பயிற்சி உண்டு. உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. சென்னை தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கிறது. படிப்பு முடித்து அதிக காலம் ஆகிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அவள் பெயரைத் தம்பிக்கு முன்னால் பதியுங்கள் என்பேன்.

"சொந்தக்காரர்கள் ஐ.டி.ஐ.யா என்று கேட்பார்கள்" என்பது உங்கள் உண்மையான வருத்தம் என்று எனக்குப் புரிகிறது. கேட்பார்கள்தான். ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், அதற்கப்புறம் இன்ஜினீயரிங்கிலும் அதே மாதிரி இரண்டாம் வருடத்தில் சேர வழி இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நடுவில் ஓரிரு வருடம் சம்பாதித்துவிட்டு, தன் காசிலேயே படிக்கப் போன பையன்களை நான் அறிவேன்.

வரும் திங்கட்கிழமை மகனை அழைத்துக்கொண்டு பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குப் போங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இணையவழிதான், ஆனால் அங்கேயே உதவி மையத்தில் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். அங்கே அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

இன்னொன்று. கணபதி முதலாளியிடம் உங்கள் மகனைப் பற்றிச் சொன்னேன். சேர்க்கைக்கு முன் ஒருநாள் வந்து மெஷின் ஓடுவதைப் பார்க்கட்டும், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்கள் என்றார். விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன். செருப்பு போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், பள்ளிக்கூட ஷூ இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வரட்டும்.