இறந்தவர் குரலில் ஏஐ பேசலாமா? எல்லையோர ஊர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

குரல் மென்பொருள் துறையில் இருக்கிறேன், ஊர் தமிழக-ஆந்திர எல்லையில் உள்ள நகரி. இறந்தவர்களை ஏஐ பேச வைப்பது பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

புத்தூரிலிருந்து: அக்கா, அப்பா மாசியில் தவறிவிட்டார். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை வைத்து அவரைப் பேச வைக்க முடியுமா?

முடியும் தம்பி. பாட்டியின் குரலில், பேச்சுக்குப் பதில் சொல்லும் அலெக்சா மென்பொருள் பேரனுக்குக் கதை படிப்பதை அமேசான் 2022-லேயே காட்டியது. அதற்கு ஒரு நிமிடப் பதிவுகூடத் தேவையில்லை என்றார்கள். ஆனால் குரல் வந்தால் ஆள் வந்ததாகிவிடாது. நம் ஊரில் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்போம், மென்பொருள் அதில் தடுமாறும். தெரிந்த வீட்டில் கேட்டார்கள் என்று ஒருமுறை செய்து கொடுத்தேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "குரல் அவருதுதான். ஆனா அவரு 'வாமே'ன்னு தான் கூப்பிடுவாரு. இது 'வாருங்கள்'னு சொல்லுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்களிடம் இருப்பது அப்பா வாயாலேயே பேசியது. முதலில் அதைக் காப்பாற்றுங்கள். கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி எடுத்து, எந்தத் தேதி, எதற்காகப் பேசினார் என்று எழுதி வையுங்கள். அப்பாவின் போனிலிருந்து வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். 120 நாள் பயன்படுத்தாத கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுவார்கள், தள்ளிப்போட வேண்டாம்.

திருத்தணியிலிருந்து: என் தங்கை இறந்துபோன கணவர் பெயரில் ஒரு சாட்பாட் (ஆள் போலவே பதில் சொல்லும் மென்பொருள்) வைத்துக்கொண்டு தினமும் பேசுகிறாள். தடுக்கலாமா மேடம்?

பிடுங்காதீர்கள். தென் கொரியாவில் 2020-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நோயில் இறந்த சிறுமியின் உருவத்தை கண்ணில் மாட்டும் மெய்நிகர் கருவி வழியே தாய் சந்தித்தார். அவருக்கு ஆறுதலாக இருந்தது, பார்த்த பலருக்குப் பதற்றமாக இருந்தது. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது.

எனக்குக் கவலை வேறு. நம்மிடம் கருமாதிக்கு நாள் உண்டு, திதிக்கு நாள் உண்டு. அழுகிறவரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாட்பாட்டுக்கு நாளும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. ராத்திரி 2 மணிக்கும் பதில் சொல்லும். இப்படிப்பட்ட சாட்பாட்களைக் கௌரவமாக நிறுத்தி வைக்க ஒரு வழி வேண்டும், அவற்றின் வாயால் விளம்பரம் செய்யக் கூடாது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2024-ல் எழுதினார்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போய்த் தங்கை பக்கத்தில் உட்காருங்கள், மாப்பிள்ளையைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

பள்ளிப்பட்டிலிருந்து: இறந்தவர் குரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

எஸ்.பி.பி. பிறந்த கோனேட்டம்பேட்டை உங்கள் பக்கம்தானே. அவர் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதியின்றி ஏஐ மூலம் கொண்டுவந்ததாக அவர் மகன் நோட்டீஸ் அனுப்பியது 2024 தொடக்கத்தில் செய்தியானது. ஏ.ஆர். ரஹ்மானோ, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களுக்குக் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். சட்டம் இன்னும் நமக்குச் சாதகமாக இல்லை. ஜெயலலிதா பற்றிய பட வழக்கில், அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இது மாற வேண்டும்.

குப்பத்திலிருந்து: சாகும் தேதியை ஏஐ சொல்லுமாமே?

சொல்லாது. 2023-ல் வந்த டென்மார்க் ஆய்வு, ஒருவர் இறப்பதற்கான நிகழ்தகவைத்தான் கணித்தது. அந்த ஆய்வின் பெயரைச் சொல்லி வரும் செயலிகளுக்கு உங்கள் விவரங்களைக் கொடுக்காதீர்கள்.

சித்தூரிலிருந்து: எனக்கு வயதாகிவிட்டது அம்மா. நான் போன பிறகு என் பேரில் எதுவும் பேச வைக்கக் கூடாது. என்ன செய்வது?

உயிலோடு ஒரு தாளில் அதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள் ஐயா, பிள்ளைகளுக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள். கூகுளில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற வசதி உண்டு. எத்தனை மாதம் கழித்து, யாருக்கு, எது போக வேண்டும் என்று அதில் நீங்களே குறிக்கலாம், கணக்கையே அழித்துவிடவும் சொல்லலாம். பேத்தியை உட்கார வைத்துச் செய்தால் ஒரு மணி நேர வேலைதான்.