விளையாட்டுச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு: மேற்பார்வையாளரின் எச்-இன்டெக்ஸ் 6 தான், சேரலாமா?

சேரலாம். பொறியியலில் ஆய்வு செய்யும் நண்பரின் மேற்பார்வையாளருக்கு 35, உங்களுக்குக் கிடைத்தவருக்கு 6 தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் கவலை வந்திருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். விரிவுரையாளர்கள் பணி உயர்வுக்கு மனுச் செய்யும்போது, அவர்களுடைய கட்டுரைகள் எத்தனை, அவற்றை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வார இறுதியில் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் அம்மா அப்பாவிடம் வந்துவிடுவேன். இந்தப் பதிலையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் எச்-இன்டெக்ஸ் என்றால் என்ன? ஒருவருடைய கட்டுரைகளில் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் பெற்றிருக்கின்றனவோ, அப்படி வரும் மிகப் பெரிய எண். ஒருவருடைய கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 40, 12, 9, 6, 5, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து மேற்கோள் வாங்கியிருக்கின்றன. ஆறாவது, ஆறைத் தொடவில்லை. ஆகவே எச்-இன்டெக்ஸ் 5. முதல் கட்டுரைக்கு 40க்குப் பதில் 400 வந்திருந்தாலும் அதே 5 தான். இந்தக் கணக்கை 2005இல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர். இணைப் பேராசிரியர் நிலைக்கு 12, பேராசிரியருக்கு 18 என்று அவர் சொன்ன அளவெல்லாம் இயற்பியலுக்குச் சொன்னது. அதை எல்லாத் துறைக்கும் மாட்டிவிட்டது நாம்தான்.

ஆய்வகத்தில் ஒரு கட்டுரையில் எட்டுப் பேர், பத்துப் பேர் பெயர் இருக்கும். வருடத்துக்குப் பல கட்டுரைகள் வரும். சமூகவியலாளர் ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பேசி, பேச்சைத் தட்டச்சு செய்து, தனியாளாக ஒரு கட்டுரை எழுதுவார். விளையாட்டுச் சமூகவியல் துறையும் சின்னது. அதன் உலகச் சங்கம் 1965இல்தான் தொடங்கியது. அடுத்த வருடம் வந்த அதன் இதழ்தான் இன்றைய இன்டர்நேஷனல் ரிவ்யூ ஃபார் தி சோசியாலஜி ஆஃப் ஸ்போர்ட். சோசியாலஜி ஆஃப் ஸ்போர்ட் ஜர்னல் 1984இல் வந்தது. எழுதுகிறவர்கள் குறைவு என்றால் மேற்கோள் காட்டுகிறவர்களும் குறைவுதானே. அப்புறம், இந்தத் துறையில் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம். கிரிக்கெட்டையும் காலனி ஆட்சியையும் சேர்த்து டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய நூலை இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். புத்தகங்களையும் நூல்களில் வரும் தனி அத்தியாயங்களையும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் முழுமையாகச் சேர்ப்பதில்லை. கூகுளின் ஆய்வுத் தேடல் தளமான கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளைக்கூடச் சேர்ப்பதால் அங்கே எண் பெரிதாகத் தெரியும். உங்கள் 6 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கோபஸில் 6 என்றால் கூகுளில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

இனி நம் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கல். என் வேலையில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதோடுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கவிதா த/பெ முனியாண்டி என்று ஒருவர் எழுதினால், ஒரு இதழ் முனியாண்டியைக் குடும்பப் பெயராக்கி 'முனியாண்டி, கே.' என்று போடும். இன்னொன்று 'கவிதா, எம்.' என்று போடும். மூன்றாவது, த/பெ என்பதற்கு மலாயில் போடும் 'ஏ/பி' என்பதையும் பெயரில் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோபஸ் கணினிக்கு இவர்கள் மூன்று பேர். கட்டுரைகள் மூன்றாகப் பிரிந்து கிடக்கும். மூன்று பேருக்கும் எச்-இன்டெக்ஸ் சின்னதாகவே இருக்கும். ஒரு பெண் விரிவுரையாளரின் கணக்கை இப்படித்தான் நான் சேர்த்துக் கொடுத்தேன். 4 என்று இருந்தது 6 ஆனது. அவர் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை, பெயர் ஒன்றானது, அவ்வளவுதான். 2012இல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். முதல் கட்டுரைக்கு முன்பே நீங்களும் வாங்கிவிடுங்கள்.

அந்த விரிவுரையாளரை எனக்கு முன்பே தெரியும். தோட்டத்துக் காற்பந்துக் குழுக்களைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவர், அப்பாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்திருந்தார். அப்பா பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பாலை எடை போட்டுவிட்டு, சாயங்காலம் திடலுக்குப் போனவர். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் தலைமையில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்றதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அன்றைக்கும் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தார். பிஸ்கட் டின்னிலிருந்து தோட்டத்துக் குழுவின் படம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அந்த விரிவுரையாளர் முகங்களைப் பார்க்கவில்லை. விரலை வைத்துக் கால்களை எண்ணினார். பதினொரு பேரில் நால்வருக்குத்தான் பூட்ஸ் இருந்தது. "இந்த நாலு பேரும் யாருங்க ஐயா?" என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் பந்தோடு உட்கார்ந்திருப்பவர் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் மகன், இவர் அவருடைய மைத்துனர், இவர் வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலின் தம்பி என்று ஒவ்வொருவராகச் சொன்னார். நான்காவது ஆள் இரவல் வாங்கிப் போட்டிருந்தாராம். அந்தப் படத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் காலைப் பார்த்ததில்லை.

அம்மா கோப்பியை வைத்துவிட்டு உள்ளே திரும்பினார். "நீங்க விளையாடினதில்லையாம்மா?" என்று விரிவுரையாளர் கேட்டார். "நாங்க பந்தாடப் போனா வெறகு யாரு பொறுக்குறது, தம்பிய யாரு பாக்குறது?" என்றார் அம்மா. அப்புறம் அரை மணி நேரம் அம்மாதான் பேசினார். அந்தத் திடல் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

இந்த ஆய்வு ஒரு தொகுப்பு நூலில் அத்தியாயமாக வந்தது. ஆகவே ஸ்கோபஸில் கிடையாது. பணி உயர்வு அறிக்கையில் அதற்குப் பூஜ்யம் என்று நானே எழுதவேண்டியிருந்தது. கை வரவில்லை எனக்கு. கூகுள் ஸ்காலரில் சில மேற்கோள்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து வாசித்தேன். ஒன்று அவருடைய சொந்தக் கட்டுரை. ஒன்றில் பத்துப் பெயர்களோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். இன்னொன்று டர்பனிலிருந்து, நேட்டால் கரும்புத் தோட்டத்துத் தமிழர்களின் காற்பந்தைப் பற்றி ஒரு மாணவர் எழுதியது. அதில் அம்மாவின் விறகுப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துப் போட்டு, தன் பாட்டியும் இதையேதான் சொன்னார் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கணக்கில் அதுவும் 1, பத்துப் பெயர்களோடு வந்ததும் 1. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என் பேரப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். ஆய்வு நெறிப்படி பேர் போடக்கூடாதும்மா என்றேன். பரவாயில்லை, இன்னொரு தடவை படி என்றார்.

உள்ளூர் விஷயத்தை ஆராய்கிறவர்களுக்கு இந்த எண்கள் அநியாயம் செய்கின்றன என்பது நான் கண்டுபிடித்ததில்லை. 2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கை பத்து நெறிகளைச் சொல்கிறது. உள்ளூருக்குத் தேவையான நல்ல ஆய்வைக் காப்பாற்றுங்கள் என்பது அதில் ஒன்று. ஆங்கிலமில்லாத மொழியில் எழுதினாலோ, உலகத்துக்குத் தெரியாத ஊரைப் பற்றி எழுதினாலோ மேற்கோள் குறையும். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைப் பற்றி எழுதுகிறவருக்கு இரண்டுமே நடக்கும்.

சரி, கவலைப்பட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. எண்ணை விட்டுவிட்டு வருடங்களைப் பாருங்கள். கடைசிக் கட்டுரை பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் யோசிக்க வேண்டும். எச்-இன்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. எழுதுவதை நிறுத்தியவருக்கும் அது அப்படியே நிற்கும். மேற்கோள்களில் பாதிக்கு மேல் அவரே அவரை எடுத்துக்காட்டியது என்றால் அதுவும் நல்ல அறிகுறியில்லை. பெரிய எண்ணைக் கண்டும் மயங்காதீர்கள். விளையாட்டுத் துறையில் 30 வைத்திருப்பவர் தசை, ஆக்சிஜன், ஊட்டச்சத்து என்று ஆராய்கிறவராக இருக்கலாம். அவர் சிறந்த அறிவியலாளராகவே இருக்கட்டும். ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து எப்படிக் கேள்வி கேட்பது என்று அவரால் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

இந்த வாரமே செய்யக்கூடியது இது: உங்கள் மேற்பார்வையாளரின் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையையும் ஒன்றுமே பெறாத ஒன்றையும் முழுசாக வாசியுங்கள். பிறகு நூலகத்தில், அவரிடம் படித்து முடித்தவர்களின் ஆய்வேடுகளைக் கேளுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அதிலேயே தெரியும். நன்றியுரைப் பக்கத்தைத் தவறாமல் வாசியுங்கள். இரவு பத்து மணிக்கும் போனை எடுத்தார், அத்தியாயத்தை வரி வரியாகத் திருத்தினார் என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தால், மறு யோசனை வேண்டாம், போய்க் கையெழுத்துப் போடுங்கள்.