‘ஒரே குஷி!’ – இதை டச்சு மொழியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். டச்சு வகுப்பில் ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்துவிட்டேன். டீம் அவுட்டிங் தேதி முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் ‘இக் பென் ஒப்ஹெவொண்டன்!’ என்று போட்டேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. ஒருவர் மட்டும் தனியாக வந்து ‘அப்படிச் சொல்லாதே’ என்றார். ஏன் என்று சொல்லவில்லை. உற்சாகத்தை அவர்களைப் போலவே இயல்பாக, பேச்சு வழக்கில் காட்ட என்ன சொல்ல வேண்டும்? ஃபெட், ஹாஃப், லெக்கர் என்றெல்லாம் காதில் விழுகிறது. எதை எங்கே சொல்வது?

பதில்: முதலில் அந்தச் சிரிப்புக்குக் காரணம். ‘எக்ஸைட்டெட்’ என்று அகராதியில் தேடினால் ஒப்ஹெவொண்டன் என்றுதான் வரும். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முறுக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. டிசம்பர் 5 ஆம் தேதி சின்டர்கிளாஸ் என்ற பரிசுத் தாத்தா தரும் பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கும்போது அவர்களைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் வளர்ந்த ஆள் தன்னைப் பற்றியே ‘நான் ஒப்ஹெவொண்டன்’ என்று அறிவித்தால், கேட்பவர் புத்தி படுக்கையறைப் பக்கம் போய்விடும். இதே வகையில் இன்னொரு கண்ணி ‘ஹெய்ல்’. ஜெர்மன்காரர்கள் அதைச் ‘செம’ என்ற அர்த்தத்தில் தாராளமாகச் சொல்வார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதற்குக் காமம் என்ற ஒரே பொருள்தான். ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீங்கள் போட்டிருக்க வேண்டியது: ‘இக் ஹெப் எர் ஸின் இன்!’ ஸின் என்பது இங்கே ஆசை, நாட்டம். தமிழிலும் நாம் ‘நான் உற்சாகமடைந்திருக்கிறேன்’ என்றா பேசுகிறோம்? ‘எப்படா போவோம்னு இருக்கு’ என்போம். டச்சுக்காரர்களும் தங்கள் மனநிலையை அறிவிப்பதில்லை. நடக்கப்போகிற காரியத்தின் மேல் ஆசை இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் இது இன்னும் சுருங்கும். ‘ஸின் இன்!’ என்ற இரண்டே சொல் போதும். ‘நியூ ஆல் ஸின் இன்!’ என்றால் ‘இப்பவே மனசு அங்கே போயாச்சு’ என்ற தொனி. ஏப்ரல் 27 அரசர் தினத்துக்கு எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை தேடும்போது இதை நிறையப் பார்ப்பீர்கள். ஒரே எச்சரிக்கை: எதன் மேல் ஆசை என்பதைக் காட்டும் அந்த ‘எர்... இன்’னை விழுங்கிவிட்டு ‘இக் ஹெப் ஸின்’ என்று மட்டும் போட்டால், மறுபடியும் அதே சிரிப்புப் பொம்மைகள் வரும்.

அடுத்தது, பிறர் நல்ல செய்தி சொல்லும்போது. வீடு வாங்கினேன், மாலத்தீவு போகிறேன், குழந்தை பிறக்கப்போகிறது. இதற்கெல்லாம் ‘வாட்’ போட்டு ஒரு பண்புச் சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது: ‘வாட் லோக்!’ (எவ்வளவு ஜாலி!), ‘வாட் ஹாஃப்!’ (என்ன சூப்பர்!). லோக் என்று நான் எழுதினாலும் அது ஓவும் இல்லை, ஏயும் இல்லை. உதட்டை ‘ஓ’ என்று குவித்துக்கொண்டு உள்ளுக்குள் ‘ஏ’ என்று சொன்னால் வரும். ஹாஃப்பின் முதல் ஒலி தொண்டையில் உரசிக்கொண்டு வர வேண்டும். ‘எஃகு’ என்பதை ஆய்தத்தை விடாமல் அழுத்திச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த இடம்தான். நீங்கள் இருப்பது பிராபன்ட் மாகாணம் என்பதால் கொஞ்சம் தப்பித்தீர்கள். அங்கே அந்த ஒலி மென்மையாகத்தான் வரும். ஆம்ஸ்டர்டாம் மாதிரி காறத் தேவையில்லை.

இப்போது உங்கள் காதில் விழுகிற சொற்கள். ‘சூப்பர்’ என்ற இடத்தில் வருகிற சொல் ஒவ்வொன்றிலும் ஒரு தலைமுறை ஒட்டிக்கொண்டிருக்கும். ‘டெ ஹெக்’ ஹிப்பிக் காலத்து வாசனை உள்ளது. அறுபதைத் தாண்டியவர்கள் சொன்னால் அழகு. ஹாஃப் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களிடம் நன்றாக வாழ்கிறது. ஃபெட் என்றால் நேர்ப்பொருள் கொழுப்பு. 90களில் இளசுகளிடம் பரவியது, அவர்களுக்கே இப்போது தலை நரைக்கிறது. டொஃப் மட்டும் எல்லா வயதுக்கும் பொருந்தும். ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் பேசிய இத்திஷ் வழியாக, ‘நல்லது’ எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது அது. எதைச் சொல்வது என்று குழப்பமாக இருந்தால் டொஃப் சொல்லிவிடுங்கள். மேலாளரிடமும் சொல்லலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் சொல்லலாம்.

லெக்கர் தனிக்கதை. சாப்பாடு ருசிக்கு மட்டும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். உண்மையில் வெயில் அடித்தால் லெக்கர், நன்றாகத் தூங்கினால் லெக்கர், பந்து வலைக்குள் போனால் ‘லெக்கர்ர்!’ நீங்கள் கோடில் ஒரு பழைய பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் ‘லெக்கர் பேஸிஹ்!’ என்பார்கள், கலக்குகிறாய் என்று பாராட்டு. ஆனால் ஒரு மனிதரைப் பார்த்து லெக்கர் என்று சொல்லாதீர்கள். அது ‘செம கட்டை’ ரகப் பேச்சு. அப்புறம், குரலையும் கவனியுங்கள். ரயில் ரத்து என்று பலகையில் வந்ததும் பக்கத்தில் நிற்பவர் உணர்ச்சியே இல்லாமல் ‘லெக்கர் டான்’ என்று முனகினால், அவர் குஷியில் இல்லை. ‘நல்லா வாழ்ந்தோம் போ’ என்று நாம் அலுத்துக்கொள்வதுதான் அது.

என்னிடம் படிக்கும் தமிழர்கள் அதிகம் ஏமாறுவது உற்சாகச் சொற்களில் அல்ல, உற்சாகம் மாதிரித் தெரிகிற சொற்களில். உங்கள் யோசனைக்கு ஒருவர் ‘பெஸ்ட் லோக்’ என்றால் ஆங்கில ‘பெஸ்ட்’டை நினைத்துப் பூரித்துவிடாதீர்கள். ‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்ற அளவுதான். ‘ப்ரீமா’ என்றால் சரி, ஆட்சேபணை இல்லை. துள்ளல் எதுவும் கிடையாது. ‘ஸ்பானெண்ட்’ இன்னும் நுட்பமானது. நாளைக்கு நேர்காணல் என்று சொன்னால் ‘ஸ்பானெண்ட்!’ என்பார்கள். ஆவலும் பதற்றமும் கலந்த நிலை, வயிற்றில் புளியைக் கரைக்கிறதே அதுவும் இதில் சேர்த்தி. அவர்களே ‘இக் ஃபிண்ட் ஹெட் ஸ்பானெண்ட்’ என்று தங்களைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் பயமாக இருக்கிறது என்றே அர்த்தம். அந்த நேரத்தில் ‘வாட் லோக்!’ என்று குதிக்காமல் ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள்.

சொல்லுக்கு உரம் ஏற்றுவது நமக்குச் சுலபமாக வரும். ‘பயங்கர ஜாலி’ என்று தமிழில் சொல்கிறோம் இல்லையா, அதே அச்சில் டச்சில் ‘ஃப்ரேஸெலெக் லோக்’ உண்டு. முதல் சொல் ‘பயங்கரமான’, இரண்டாவது ‘ஜாலி’. ‘சூப்பர் லோக்’ எங்கும் செல்லும். உங்கள் ஊரில் மவுசு ‘கெய்’க்குத்தான். கூழாங்கல் என்று பொருள். கல் மாதிரி கெட்டி என்பதில் தொடங்கி, இப்போது எதற்கு முன்னாலும் ஒட்டிக்கொள்கிறது: கெய்லோக், கெய்ஹூட், கெய்டொஃப். நவம்பரில் ஐண்ட்ஹோவனில் நடக்கும் ‘க்ளோ’ ஒளித் திருவிழாவில் கூட்டத்தோடு நின்று, ‘கெய்ஹாஃப், ஹே?’ என்று பக்கத்து ஆளிடம் சொல்லிப் பாருங்கள். வாக்கிய முடிவில் வருகிற அந்த ‘ஹே’ நம் ‘இல்ல?’ மாதிரி, எதிராளியையும் பேச்சுக்குள் இழுத்துவிடும்.

ஒரு உரத்தை மட்டும் தொடவே கூடாது. நம் ஊரில் ‘பேதியில போவான்’, ‘கொள்ளையில போக’ என்று நோயை வைத்துத் திட்டுவார்கள். டச்சிலும் வசவுகள் நோயிலிருந்துதான் பிறக்கின்றன: டைஃபாய்டு, காசநோய், எல்லாவற்றுக்கும் மேலே புற்றுநோய். இளசுகள் சிலர் புற்றுநோய் என்ற அந்தச் சொல்லையே, ‘கான்கர்’, நல்ல விஷயத்துக்கும் முன்னொட்டாக வைத்து ‘கான்கர்லெக்கர்’ என்பார்கள். டிராமில் காதில் விழும். வீட்டில் நோயாளி இருக்கும் ஒருவர் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பெரும்பாலான டச்சுக்காரர்களே முகம் சுளிக்கிற சொல் அது.

‘ஸ்ட்ராட்டால்’ என்கிற தெருமொழியும் உங்கள் காதில் விழும். சுரினாம் நாட்டின் ஸ்ரானன் மொழி, மொராக்கோ அரபி, துருக்கி எல்லாம் கலந்து ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் பள்ளிகளில் வளர்ந்தது. காசு ‘டூக்கூ’, வீடு ‘ஒஸ்ஸோ’, சத்தியமாக என்பதற்கு ‘வல்லா’. உற்சாகத்துக்கு ‘ஸீக்!’, அதாவது நோயுற்றது என்று சொல்லி ‘வேற லெவல்’ என்று அர்த்தம் கொள்வார்கள். புரிந்துகொள்ளுங்கள், ரசியுங்கள். அலுவலகத்தில் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. ரிட்டயர் ஆகப்போகும் தலைமை எழுத்தர் ‘செம மாஸ் மச்சி’ என்றால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

வார இறுதியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பக்கம் போனால் ‘அமாய்!’ என்று கேட்பீர்கள். வியப்பு, மகிழ்ச்சி, களைப்பு எல்லாவற்றுக்கும் அங்கே டச்சு பேசும் பிளெமிஷ்காரர்கள் அதையே சொல்வார்கள். சொல்லச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஐண்ட்ஹோவனில் அதைச் சொன்னால் பெல்ஜியத்தில் டச்சு கற்றீர்களா என்று கேட்பார்கள்.

கடைசியாக, கார்னிவல். தவக்காலத்துக்கு முந்தைய அந்த நாட்களில் உங்கள் நகரமே ‘லாம்பெஹாட்’ என்று பெயர் மாற்றிக்கொள்ளும். தெருவில் எதிர்ப்படும் எவரிடமும் ‘அலாஃப்!’ என்று கத்தலாம், பதிலுக்கு அவர்களும் கத்துவார்கள். அதே உற்சாகத்தோடு ரயிலேறி அதே மாகாணத்தின் டென் போஸ் நகரத்துக்குப் போனால் மட்டும் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே கார்னிவலில் அலாஃப் சொல்லும் வழக்கமில்லை, சொன்னால் வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும்.