ட்ரெட்மில்ல ஏறி நடந்தா பெல்ட் நின்னு நின்னு போகுது, மோட்டார் போச்சா? வீட்லயே எப்படி பராமரிக்கறது?

மோட்டார் போச்சுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிட்டு பெல்ட்டுக்கு அடியில கைய விட்டுப் பாருங்க. ஓரத்துல தடவினா ஒண்ணும் தெரியாது, நடுவுல கால் விழற இடம் வரைக்கும் விரல் போகணும். வழவழன்னு பிசுக்கு கைல ஒட்டினா சரி. காய்ஞ்சு போய் விரல்ல கருப்பா பொடி வந்தா பிரச்சனை அங்கதான்.

நாம மிதிக்கற பெல்ட் கீழ இருக்கற பலகை மேல உரசிக்கிட்டேதான் ஓடுது, அந்த இடம் காய்ஞ்சுட்டா நம்ம வெயிட்டோட சேத்து இழுக்க மோட்டாருக்கு கரண்ட் அதிகமா வேணும், மோட்டாரும் சூடாகும் கன்ட்ரோல் போர்டும் சூடாகும், அப்புறம் ஒரு நாள் எரர் காட்டி நின்னுடும். மெதுவா நடக்கறதுதான் மெஷினுக்கு நல்லதுன்னு நெறய பேர் நினைக்கறாங்க, அது முழுசா சரியில்ல. பல மாடல்ல மோட்டார குளிர வைக்கற ஃபேன் அதே மோட்டார் தண்டுலதான் இருக்கு, ஸ்பீடு கம்மியானா காத்தும் கம்மி. வெயிட்டான ஆள் ரொம்ப நேரம் மெதுவா நடந்தா சீக்கிரமே சூடாகும்.

காய்ஞ்சிருந்தா சிலிக்கான் ஆயில்தான் போடணும். தையல் மெஷின் எண்ணெய், துரு எடுக்கற ஸ்ப்ரே இதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், பெல்ட் கெட்டுப்போகும். ரெண்டு பக்கமும் பெல்ட்ட தூக்கி நடுப்பகுதியில வளைச்சு வளைச்சு விடுங்க, அப்புறம் ஆள் ஏறாம 3, 4 கிலோமீட்டர் வேகத்துல கொஞ்ச நேரம் ஓட விடுங்க. எவ்ளோ ஊத்தணும், எத்தன மாசத்துக்கு ஒருக்கான்னு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல இருக்கும். சில மாடல்ல பலகைலயே மெழுகு பூசி வந்திருக்கும், அதுக்கு ஆயில் போடவே கூடாதுன்னு அதுலயே போட்டிருப்பான். நல்லதுதானேன்னு நிறைய ஊத்தினா பெல்ட் வழுக்கும், தூசியும் வந்து ஒட்டும்.

ஆயில் இருந்தும் நிக்குதுன்னா பெல்ட் லூஸா இருக்கலாம். நடுவுல ஒரு ஓரத்த புடிச்சு தூக்கினா சுமாரா 5லருந்து 7 செ.மீ. எழும்பணும். அதுக்கு மேல போனா பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கற போல்ட்ட ஆலன் கீ போட்டு ரெண்டையும் ஒரே அளவு, கால் சுத்து மட்டும் டைட் பண்ணி பாருங்க. வீணைக் கம்பி மாதிரி முறுக்கி வச்சா பெல்ட்ட சுத்த விடற உருளையோட (ரோலர்) பேரிங் போயிடும். இதுல ஒண்ண கவனிங்க, கால் வெச்சதும் பெல்ட் மட்டும் நின்னு முன் ரோலர் சுத்திக்கிட்டே இருந்தா இந்த பெல்ட்தான் லூஸ், முன் ரோலரும் சேந்து நின்னு மோட்டார் மட்டும் சுத்தினா மூடிக்குள்ள மோட்டாரையும் முன் ரோலரையும் சேக்கற சின்ன டிரைவ் பெல்ட் வழுக்குது.

பெல்ட் இடது பக்கம் ஒதுங்கினா இடது போல்ட்ட கடிகார முள் சுத்தற பக்கமா கால் சுத்து சுத்துங்க, வலதுன்னா வலது போல்ட்ட. சுத்தினதும் அடுத்த சுத்து போகாதீங்க, ஓட விட்டு ஒரு ரெண்டு நிமிஷம் பாருங்க, அது மெதுவாதான் நகரும்.

மோட்டார் மூடிக்குள்ள தூசியும் முடியும் பஞ்சு மாதிரி அடைஞ்சு கிடக்கும், அப்பப்ப கழட்டி பிரஷ்ஷாலயோ வேக்யூமாலயோ எடுங்க. பிளக்க புடுங்கின உடனே போர்டுல கை வைக்காதீங்க, கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். வெளிய போட்டுட்டு வந்த ஷூவோட ஏறாதீங்க, அந்த மண்ணு பெல்ட்டுக்கு அடியில போய் உப்புத்தாள் வேலைய பாக்கும். வியர்வைய தொடச்சிடுங்க. எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்டாம நேரா சுவர் பிளக்ல குடுங்க.

இவ்ளோ பாத்தும் நிக்குதுன்னா மெக்கானிக்க கூப்பிடுங்க. அவர் வந்ததும் மோட்டார மாத்தணும்னு சொன்னா, கிளாம்ப் மீட்டர் (வயர சுத்தி மாட்டி கரண்ட் அளக்கற கருவி) வெச்சு சும்மா ஓடறப்ப எவ்ளோ ஆம்ப்ஸ், ஆள் நடக்கறப்ப எவ்ளோ ஆம்ப்ஸ்னு காட்ட சொல்லுங்க. ஆள் ஏறினதும் மட்டும் எகிறினா முதல்ல பெல்ட்டையும் பலகையையும் பாக்க சொல்லுங்க, மோட்டார் பேச்சு அப்புறம்.